நேபாளம்தானே, சீப்பா முடிஞ்சிடும்: எல்லை தாண்டும் குட்டிப் பயணத்தின் செலவுக் கணக்கு

தில்லியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதான். ஆர்.கே.புரம் மலை மந்திரில் பிரசாதம் வாங்கிக்கொண்டே ஒருவர் ஆரம்பிப்பார்: "சிம்லா, முசோரியெல்லாம் கூட்டம் சார், பேசாம காத்மாண்டு போயிட்டு வந்துடலாம். விசா கிடையாது. நம்ம ஒரு ரூபாய் அங்க ஒண்ணு அறுபது. மூணே நாள்ல முடிச்சிட்டா செலவே தெரியாது." பக்கத்தில் நிற்கும் மாமி, "ஒண்ணரை மடங்கா? அப்போ பாதி விலையில முடிஞ்சிடுமே" என்பார். அவ்வளவுதான், டிக்கெட் போட்டாகிவிட்டது.

இதில் விசா வேண்டாம் என்பது உண்மை. ஒன்றுக்கு ஒன்று அறுபது என்பதும் உண்மை. ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவு இரண்டுமே தப்பு. நாளைக் குறைத்தால் செலவு அதே அளவுக்குக் குறைவதில்லை. நம் பணம் அங்கே பெரிய எண்ணாக மாறுவதால் பொருள் மலிவாகிவிடுவதுமில்லை. இரண்டும் ஏன் என்று புரிந்துவிட்டால் காத்மாண்டுக்கு மட்டுமல்ல, திம்புவுக்கோ கொழும்புக்கோ போவதற்கும் நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடலாம்.

மீட்டர் போட்டதும் விழும் 30 ரூபாய்

தில்லியில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து மீட்டர் போட்டதும் (போடுகிற ஆட்டோ கிடைத்தால்) 30 ரூபாய் விழும். 2023-ல் திருத்திய கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு அதுதான். பிறகு கிலோமீட்டருக்கு 11 ரூபாய். ஒன்றரை கிலோமீட்டரில் இறங்கிவிட்டால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் கொடுத்ததாகக் கணக்கு. பதினொன்றரை கிலோமீட்டர் போனால் மொத்தம் 140. கிலோமீட்டருக்கு 12 ரூபாய் சொச்சம்தான். கட்டணம் ஒன்றேதான். அந்த 30 ரூபாயை எத்தனை கிலோமீட்டருக்குப் பங்கு போடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

பயணத்துக்கும் இப்படி இரண்டு பாகம் உண்டு. ஒரு நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் மாறாதது நிலைச்செலவு: விமான டிக்கெட், வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கும் அங்கே ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கும் கார், இன்சூரன்ஸ், ரோமிங் அல்லது உள்ளூர் சிம். தங்கும் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போவது நாள்செலவு: ரூம், சாப்பாடு, ஊர் சுற்றும் கார், நுழைவுச் சீட்டு.

ஒரு தம்பதி தில்லியிலிருந்து காத்மாண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாகச் சில எண்களை நானே வைக்கிறேன்; நீங்கள் போகும் மாதத்தின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் போகவர விமானம் 28,000. இரண்டு ஊரிலும் ஏர்போர்ட் கார் 3,000. போனும் இன்சூரன்ஸும் 2,000. ஆக நிலைச்செலவு 33,000. ரூம் ராத்திரிக்கு 3,000. சாப்பாடு, கார், சில்லறை எல்லாம் சேர்த்து நாளுக்கு 5,000.

மூன்று நாள், இரண்டு ராத்திரி என்றால் ரூம் 6,000, மற்றவை 15,000. நிலைச்செலவோடு மொத்தம் 54,000. ஒரு நாளுக்கு 18,000 விழுகிறது.

அதையே ஆறு நாள், ஐந்து ராத்திரி ஆக்கினால் ரூம் 15,000, மற்றவை 30,000, மொத்தம் 78,000. ஒரு நாளுக்கு 13,000.

ஆறு நாளை மூன்றாகப் பாதியாக்கினோம். செலவு பாதியாகி 39,000-க்கு வந்திருக்க வேண்டும்; வந்ததோ 54,000. மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. மலை மந்திர் வாசலில் கேட்ட "மூணே நாள்ல முடிச்சிட்டா" என்ற யோசனை இங்கேதான் கவிழ்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ரூமை ராத்திரிக்கும் சாப்பாட்டை நாளுக்கும் கணக்குப் போட்டேன். பலர் இரண்டையும் நாளாலேயே பெருக்கிவிடுவார்கள். மூன்று நாளுக்கு மூன்று ரூம் என்று எழுதுவார்கள். அதுகூடப் பரவாயில்லை, கையில் மிச்சம்தான். சிலர் இரண்டையும் ராத்திரியால் பெருக்குகிறார்கள். அவர்களுக்குக் கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஏர்போர்ட் போகும் வரை பையில் பணம் இருக்காது.

இதுவரை சொன்னது: செலவு இரண்டு வகை. நாளைக் குறைத்தால் ஒரு வகைதான் குறையும். எனவே பயணம் குட்டியாக இருக்கும்போது கை வைக்க வேண்டியது நிலைச்செலவில். ஹோட்டலில் நூறு இருநூறு பேரம் பேசுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

நிலைச்செலவில் கை வைப்பது எப்படி

இடத்தை மாற்றலாம். தில்லிக்காரர்களுக்கு நேபாளம் என்றால் காத்மாண்டு என்றே ஒரு பழக்கம். தில்லியிலிருந்து ராத்திரி ரயிலில் கோரக்பூர் போய், அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் சுனௌலிக்கு பஸ்ஸிலோ ஜீப்பிலோ போனால் நடந்தே எல்லையைத் தாண்டிவிடலாம். அந்தப் பக்கம் பைரஹவா. அங்கிருந்து புத்தர் பிறந்த லும்பினி கூப்பிடு தூரம். மாயாதேவி கோயில், அசோகர் தூண், நாடு நாடாகக் கட்டி வைத்திருக்கும் புத்த விகாரைகள் எல்லாம் ஒன்றரை நாளில் நிதானமாகப் பார்க்கக்கூடியவை. இருவருக்கு ரயிலும் பஸ்ஸும் சேர்ந்தால்கூட விமானச் செலவின் பக்கத்தில் வராது. மூன்று நாள்தான் லீவு, கையும் கொஞ்சம் இறுக்கம் என்றால் என் ஓட்டு லும்பினிக்கே.

காத்மாண்டுக்கே பஸ்ஸில் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். 2014-ல் தில்லி போக்குவரத்துக் கழகம் நேரடி பஸ்ஸே விட்டது. ஆனால் ஒரு பக்கத்துக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை இரண்டு நாள் லீவாகவும் இடுப்பு வலியாகவும் கொடுத்தாக வேண்டும். பத்து நாள் பயணத்தில் இது தாங்கும். நாலு நாள் பயணத்தில் இரண்டு நாள் பஸ்ஸிலேயே கழிந்தால் அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். எல்லையில் பன்ஸார் என்ற சுங்க அலுவலகத்தில் வண்டிக்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அதன் கட்டணம் நாள் கணக்கில். ஆகவே காரைக் கொண்டுபோனால் நிலைச்செலவில் கொஞ்சம் குறையும், நாள்செலவில் கொஞ்சம் ஏறும். எத்தனை நாள் உள்ளே இருப்போம் என்பதைக் குறைத்துச் சொல்லிச் சீட்டு எடுத்துவிட்டு, திரும்பும்போது எல்லையில் அபராதம் கட்டி நிற்கக் கூடாது.

ஒன்றுக்கு ஒன்று அறுபது: இது தள்ளுபடி அல்ல

இப்போது மாமியின் கணக்குக்கு வருவோம். ஒரு நாட்டின் பணத்துக்கு இன்னொரு நாட்டின் பணத்தில் என்ன விலை என்பதே மாற்றுவிகிதம். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். நேபாளத்தில் இதைப் பேசுவதற்குச் சுருக்கமாக இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள்: ஐசி என்றால் இந்தியன் கரன்சி, என்சி என்றால் நேபாளி கரன்சி. எல்லைக் கடைத்தெருவில் என்ன விலை கேட்டாலும் கூடவே "ஐசியா, என்சியா" என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் 500 என்சி என்று நினைத்துக் கம்பளி எடுத்தவர் 500 ஐசி கொடுக்கும்போது, உண்மையில் 800 என்சி கொடுக்கிறார்.

இந்த விகிதம் 1993-லிருந்து அசையாமல் இருக்கிறது. சந்தையில் ஏறி இறங்க விடாமல் ஒரு நாட்டின் மத்திய வங்கி தன் பணத்தை இன்னொரு பணத்தோடு முடிச்சுப் போட்டு வைப்பதை பெக் என்பார்கள். எப்படி முடிகிறது? நேபாள ராஷ்ட்ர வங்கி 100 இந்திய ரூபாயை 160 என்சிக்கு வாங்கிக்கொள்ளும், 160 என்சி 15 பைசாவுக்கு விற்கும். யார் எவ்வளவு கேட்டாலும் அந்த விலைக்கே கொடுக்கும் வரை, வெளியே வேறு விலை நிலைக்காது. நேபாளம் இந்தியாவிலிருந்து வாங்குவது அதிகம், விற்பது குறைவு. அதனால் அங்கே இந்திய ரூபாய்க்கு எப்போதும் கிராக்கி. வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைக்கும் நேபாளிகள் அனுப்பும் பணத்தில் வந்து சேரும் டாலரை விற்று, மத்திய வங்கி நம் ரூபாயை வாங்கி வைத்துக்கொள்கிறது. முடிச்சு அவிழாமல் இருப்பதற்குக் காரணம் இந்த இருப்பு.

பயணிக்கு இதனால் ஒரு நல்லது உண்டு. டாலர் 85 ரூபாயாக இருந்தால் நேபாளத்தில் 136. 90 ஆனால் 144. நம் ரூபாய் சரிந்தால் அவர்களுடையதும் கூடவே சரியும். ஆறு மாதத்துக்கு முன்பே பட்ஜெட் போட்டாலும் மாற்றுவிகிதத்தால் ஆபத்தில்லை. கொழும்பு போகிறவருக்கு இந்த நிம்மதி கிடையாது.

சரி, நல்லது என்றால் மலிவு என்று அர்த்தமா? இல்லை. ஒரு நாட்டில் பொருள்களுக்கும் வேலைகளுக்கும் பொதுவாக நடக்கிற விலையின் உயரத்தை விலைமட்டம் என்பார்கள். பணத்தை மாற்றும்போது எண் 1.6 மடங்கு பெரிதாகிறது. அங்கே பலகையில் எழுதியிருக்கும் விலையும் அதற்கேற்ப பெரிதாக இருந்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. தேநீர் 40 என்சி என்றால் அது 25 ரூபாய். தில்லியிலும் அவ்வளவுதானே ஆகிறது?

இதற்கு இலங்கையைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2022-ல் அங்கே டாலரின் விலை 200 ரூபாய் சுமாரிலிருந்து 350-க்கு மேல் போனது. நம் ரூபாயைக் கொடுத்தாலும் முன்பைவிடக் கட்டுக்கட்டாகக் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதம் ஏறி நின்றது. கட்டு பெருத்த அளவுக்குப் பை நிறையவில்லை. பூட்டான் இதற்கு நேர் எதிர். அங்கே நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சரிசமம், ஒன்றுக்கு ஒன்று. அதனால் நம்மூர்ச் செலவுதான் ஆகும் என்று நினைத்தால், இந்தியப் பயணிக்குத் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று அரசே வாங்குகிறது. இருவர் நாலு ராத்திரி தங்கினால் 9,600. ரூம், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி, ஆறுக்குக் கீழே கிடையாது. நாள்செலவே பெருத்து நிற்கும் இடம் அது; அங்கே நாளைக் குறைத்தால் உண்மையிலேயே செலவு கணிசமாகக் குறையும்.

அங்கே எது மலிவு, எது விலை

விலைமட்டம் என்பது எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: இந்தப் பொருள் எல்லை தாண்டி லாரியில் வருமா, வராதா?

மோமோ செய்யும் கையின் கூலி, ஹோட்டல் ரூமைத் துடைப்பவரின் சம்பளம், முடிவெட்டும் கூலி எல்லாம் உள்ளூரிலேயே நிர்ணயமாகிறவை. உள்ளூர் சம்பளம் குறைவாக இருந்தால் இவையும் குறைவு. அதனால் காத்மாண்டில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தமேல் பகுதியை விட்டு நாலு தெரு தள்ளிப் போனால் சாப்பாடும் ரூமும் தில்லியைவிடக் கை கடிக்காமல் இருக்கும். தால்பாத் வாங்கினால் சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நம் வயிற்றுக்கு அதைவிட ஒத்துப்போகும் சாப்பாடு அங்கே இல்லை. மூன்று வேளையும் இட்லி தேடினால்தான் பட்ஜெட் ஆட்டம் காணும்.

லாரியில் வருவது வேறு கதை. பிஸ்கட், சோப்பு, குழந்தையின் டயபர் எல்லாம் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து போவதுதான். வண்டிக் கூலி, சுங்கம், அதன் மேல் 13 சதவீதம் வாட் எல்லாம் ஏறி உட்காரும். பெட்ரோலும் நம்மிடமிருந்துதான் போகிறது. பீகாரின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 2019-ல் குழாயே போட்டிருக்கிறார்கள். கார் இன்னும் மோசம். இறக்குமதி வரி ஏறி ஏறி, பெட்ரோல் காரின் விலை இங்கே விற்பதுபோல் இரண்டு மூன்று மடங்கு வந்துவிடும். டாக்ஸிக்காரர் அந்த விலையைத்தான் உங்கள் சவாரியிலிருந்து எடுத்தாக வேண்டும். ஆகவே நாள்செலவில் கார் வாடகையைத் தில்லி விலைக்கு எழுதாதீர்கள். பதன், பக்தபூர், பௌத்தநாத் மூன்றையும் ஒரே நாளில் ஒரே வண்டியில் முடிக்கும்படி வழியை அடுக்கினால், மிச்சப்படுவது ஹோட்டலில் பேரம் பேசி மிச்சப்படுத்துவதைவிட அதிகம்.

நுழைவுச் சீட்டில் மட்டும் நமக்குச் சலுகை. பல இடங்களில், இந்தியாவும் சேர்ந்த சார்க் கூட்டமைப்பு நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிட மிகக் குறைந்த தனிக் கட்டணம். வரிசையில் நிற்கும்போதே அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் கேட்காவிட்டால் சில சமயம் பெரிய சீட்டே கிழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

கடையில் நின்று மனக்கணக்குப் போட ஒரு வழி: என்சி விலையைப் பாதியாக்குங்கள், அந்தப் பாதியில் கால் பங்கைச் சேருங்கள். 240 என்றால் பாதி 120, அதில் கால் 30, ஆக 150 ரூபாய். 800 என்றால் 400-உம் 100-உம், 500 ரூபாய். போன் எடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியின் சுருக்கம்: 1.6 என்பது எண்ணைத்தான் மாற்றுகிறது. கையால் செய்வது மலிவாக இருக்கலாம். லாரியில் வருவதும் சக்கரத்தில் ஓடுவதும் மலிவாக இருக்காது.

பணம் ஒழுகும் இடங்கள்

மூன்றாவதாக ஒரு செலவு இருக்கிறது. அதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. பணத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வழியில் சிந்துவது அது.

முதலில் நோட்டு. மத்திய வங்கி 160 கொடுக்கும் என்றேனே, கடைக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் 100 ஐசி நீட்டினால் அவசரத்துக்கு 150 என்று எடுத்துக்கொள்பவர் உண்டு. 10 என்சிதானே என்று விட்டுவிடுவோம். நூறில் ஆறேகால் ரூபாய் அது. பயணம் முழுக்க இப்படியே 20,000 ரூபாய் செலவழித்தால் 1,250 ரூபாய் போயிற்று. வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றுக் கடையிலோ கொஞ்சம் என்சி எடுத்து வைத்துக்கொண்டால் இது தீரும்.

எந்த நோட்டு என்பதும் முக்கியம். 2016-ல் நம் பழைய 500, 1,000 செல்லாமல் போனபோது நேபாளத்தில் பலர் கையிலிருந்த நோட்டுகள் மாற்ற வழியில்லாமல் காகிதமாகிவிட்டன. 2018-ல் அந்த நாடு 100-க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்குத் தடையே போட்டது. அதன்பின் விதியில் தளர்வு வந்தாலும் சூடு பட்ட கடைக்காரர் 500 ரூபாய் நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்க்கத்தான் செய்வார். நூறு ரூபாய்க் கட்டாகவே கொண்டுபோங்கள். தில்லி ஏடிஎம்மில் எப்போதும் நூறு வரும் என்று சொல்ல முடியாது. வராவிட்டால் வங்கிக் கிளைக்கு நேரில் போய் வாங்க வேண்டும்.

அடுத்து ஃபாரக்ஸ் கார்டு. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளும் அட்டை அது. பாங்காக், துபாய் போகிறவர்களுக்கு நல்ல பொருள். நேபாளத்திலும் பூட்டானிலும் செல்லாது. நம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அந்த இரண்டு நாடுகளுக்கும் போக வெளிநாட்டுப் பணமே எடுக்கக் கூடாது, ரூபாயில்தான் போக வேண்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று டாலர் ஏற்றி வாங்கிக்கொண்டு போய், ஒரு தடவைகூடத் தேய்க்காமல் திரும்பிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றவும் இறக்கவும் கமிஷன் கொடுத்ததுதான் மிச்சம்.

யுபிஐ 2024-லிருந்து நேபாளத்தில் ஃபோன்பே என்ற அந்த ஊர்க் கியூஆர் பலகைகளில் வேலை செய்கிறது. (நம் போனில் இருக்கும் ஃபோன்பே வேறு நிறுவனம், காதுக்கு ஒரே மாதிரி இருக்கும், குழம்ப வேண்டாம்.) கிளம்பும் முன் ஆப்பில் வெளிநாட்டு யுபிஐ வசதியைத் திறந்து வைக்க வேண்டும். பின் நம்பர் போடுவதற்கு முன்பு ரூபாயில் எவ்வளவு பிடிக்கப்படும் என்று திரையில் காட்டும். பாதியும் அதில் காலும் என்ற கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு சிந்துகிறது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

ஏடிஎம்மில் எடுத்தால் அந்த ஊர் வங்கி ஒரு தடவைக்கு இவ்வளவு என்று பிடிக்கும், நம் வங்கியும் பிடிக்கலாம். இது சின்ன அளவில் வந்த நிலைச்செலவுதான். ஆயிரம் ஆயிரமாக நாலு தடவை எடுப்பதைவிட நாலாயிரத்தை ஒரே தடவையில் எடுப்பது மேல்.

நேபாளம், பூட்டான் தாண்டி வேறு நாடுகளுக்குக் கார்டோடு போகிறவர்கள் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்க்கப் என்பது நாணயத்தை மாற்றித் தருவதற்காக நம் வங்கி மேலே போடும் சதவீதம்; பல கார்டுகளில் 2-லிருந்து 3.5 வரை. அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 20,000 ரூபாய்க்குத் தேய்த்தால் 3.5 சதவீதத்தில் 700, அதற்கு ஜிஎஸ்டி 126, ஆக 826 ரூபாய். இன்னொன்று டிசிசி. கொழும்பில் கடைக்காரர் மெஷினை நீட்டி "இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, இலங்கை ரூபாயிலா?" என்று அன்பாகக் கேட்பார். இந்திய ரூபாய் என்றால் மெஷின் பக்கத்து நிறுவனம் தன் இஷ்ட விகிதத்தில் மாற்றும். நம் பணம் கண்ணுக்குத் தெரிகிற ஆறுதலுக்கு அவர்கள் வைக்கிற விலை அது. அந்த நாட்டுப் பணத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது

"மொத்தத்தில பத்து பர்சென்ட் எக்ஸ்ட்ரா வெச்சுக்கோ" என்று சொல்வது வழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கெட்டது நடக்கும்போது சதவீதமாக நடப்பதில்லை. ஒரு விமானம் ரத்தாகும், ஒரு ராத்திரி கூடும். எனவே ஒதுக்கீட்டைச் சம்பவத்தின் விலையாக எழுத வேண்டும்: இந்தப் பயணத்தில் எது நடக்க அதிக வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு ஆகும்?

நேபாள மலையில் இருக்கும் முக்திநாத் இதற்குப் பொருத்தமான இடம். 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று போற்றப்படும் தலம். ஊரிலிருந்து அப்பா அம்மா தில்லிக்கு வந்தால் தில்லிப் பிள்ளைகளிடம் கேட்கும் முதல் யாத்திரை. பொக்காராவிலிருந்து, கோயிலுக்குக் கீழே இருக்கும் ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், இருபது நிமிஷம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று எடுத்துவிடும். அதனால் விமானமெல்லாம் விடிகாலையில். அன்று காலை மேகம் கட்டிக்கொண்டால் அன்றைய விமானம் அவ்வளவுதான். நாளைக்கு என்பார்கள், நாளைக்கும் மேகம் வரலாம். மாற்று வழி ஜீப், எலும்பை எண்ணும் சாலை.

இங்கே நாலு பேர் போகிறார்கள் என்றால் ஒதுக்கீடு இப்படி இருக்க வேண்டும்: ஒரு ராத்திரிக்கு இரண்டு ரூம், நாலு பேருக்கு ஒரு நாள் சாப்பாடு, ஜீப் வாடகை, காத்மாண்டிலிருந்து தில்லி திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்றும் கட்டணம். கூட்டிப் பார்த்தால் அது மொத்தத்தில் பத்து சதவீதத்தைவிடக் கணிசமாகக் கூடத்தான் இருக்கும். அதனால்தான் முக்திநாத்தை மூன்று நாள் லீவில் அடைக்க முயலும் எவரிடமும் வேண்டாம் என்கிறேன். கோயில் இருப்பது 3,700 மீட்டர் சுமார் உயரத்தில். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். கீழே ஜோம்சோமில் ஒரு ராத்திரி உடம்பைப் பழக்கிக்கொள்ளும் செலவை எழுதாமல் விடக் கூடாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பார்த்து வாங்குங்கள்.

வெறும் காத்மாண்டு என்றால் பருவத்தைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஆபத்து இங்கேயே, தில்லி மூடுபனியில். ஜூலை, ஆகஸ்டில் அங்கே மலைச்சரிவு; சாலை மணிக்கணக்கில் அடைபடும். 2025 செப்டம்பரில் போராட்டத்தின்போது திரிபுவன் விமான நிலையமே மூடப்பட்டது. அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கையில் இருந்த ஒரு ராத்திரிப் பணம்தான் துணை. இந்தத் தொகையை வேறு கணக்கிலோ வேறு கவரிலோ வையுங்கள். ஒரே பையில் இருந்தால் பஷ்மினா சால்வைக் கடையில் அது அவசரச் செலவாகிவிடும்.

பேக்கேஜில் போனால் வரும் டிசிஎஸ், கடைசியாக ஓர் அட்டை

ஏஜென்டிடம் பேக்கேஜாக எடுத்தால் பில்லில் டிசிஎஸ் என்று ஒரு வரி இருக்கும். வெளிநாட்டுச் சுற்றுலாவை விற்பவர் நம்மிடம் வசூலித்து, நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம் இது. 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், மேலே 20 சதவீதம் என்று வந்தது. அந்த வரம்பு 2025 ஏப்ரலில் 10 லட்சமானது. 2026 ஏப்ரலிலிருந்து தொகை எவ்வளவானாலும் 2 சதவீதம் என்றாகிவிட்டது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, புக் செய்யும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் செலவு என்று எழுத வேண்டாம். ரிட்டர்ன் போடும்போது வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். ஆனால் அதுவரை கையை விட்டுப் போன பணம்தான். கிளம்பும் மாதத்தில் அந்தத் தொகை இருக்க வேண்டும். பில்லில் பான் யாருடையது என்று பாருங்கள். அப்பாவின் பயணத்துக்கு மகனின் பான் போட்டு, பிறகு ஏஜென்டைத் துரத்துவது நடக்கிற கதை.

அட்டை விஷயம் இதுதான்: விமானத்தில் நேபாளம் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 வயதுக்கு மேல் 65-க்குள் இருப்பவர்களுக்கு ஆதார் செல்லாது. விசா கிடையாதே, ஆதார் போதும் என்று டெர்மினல் 3 கவுன்டரில் போய் நின்றால் போர்டிங் பாஸ் கிடைக்காது, டிக்கெட் பணமும் திரும்பாது. மேலே போட்ட கணக்கில் அது 28,000 ரூபாய். புக் செய்வதற்கு முன்பே வீட்டில் எல்லோருடைய அட்டையையும் எடுத்து, பெயர் டிக்கெட்டில் வரப்போகிற மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் அப்பா பெயர் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி நிற்கும்.